சமயபுரத்தில் கரும்புத் தொட்டில்: கைக்குழந்தையோடு எப்போது, எப்படிப் போகலாம்?

தேன்மொழி_ஓசூர்:
எல்லோருக்கும் வணக்கம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறாள், இப்போது ஏழு மாசம். நான் ஆஸ்பத்திரியும் மாத்திரையுமாக அலைந்துகொண்டிருந்த காலத்தில், பிள்ளை பிறந்தால் கரும்புத் தொட்டில் கட்டி (கரும்பில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, அதில் பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிப்போவது) முதல் முடியும் இறக்குகிறோம் என்று என் மாமியார் சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டார்கள். இப்போது சித்திரைத் தேருக்கே போய்விடலாம் என்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் கைக்குழந்தையை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அம்மன் காரியத்தை என் சௌகரியத்துக்கு வளைக்கிறேனோ என்றும் உறுத்துகிறது. பிறந்த வீட்டில் எங்களுக்கு மாரியம்மன் வழக்கம் இல்லை, அதனால் முறை எதுவும் தெரியாது. அத்தை சர்க்கரைப் பொங்கல் வைக்கவும் மாவிளக்கு போடவும் ஆசைப்படுகிறார்கள். எப்போது போகலாம், என்ன கொண்டுபோகணும், எதைச் செய்யக்கூடாது? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

கண்ணனூர்_ரவி:
வணக்கம் தங்கச்சி. நான் இந்த ஊர்க்காரன், கோயிலுக்கு நாலு தெரு தள்ளி வீடு. முதல்ல நாள் கணக்கைச் சொல்லிடறேன், அது தெரிஞ்சாலே பாதிக் குழப்பம் தீர்ந்துடும்.

மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதல் ஆரம்பம். அன்னையிலிருந்து பங்குனி கடைசி ஞாயிறு வரைக்கும் 28 நாள் அம்மனுக்குப் பச்சைப்பட்டினி விரதம். மத்த ஊர்ல பக்தர்கள் சாமிக்காக விரதம் இருப்பாங்க. இங்க பக்தர்களுக்காக அம்மனே விரதம் இருக்கா. அந்த 28 நாளும் அவளுக்குச் சமைச்ச தளிகை கிடையாது. துள்ளுமாவு (பச்சரிசி மாவுல வெல்லம் கலந்தது), இளநீர், பானகம், நீர்மோர், கரும்பு, அவ்வளவுதான் நிவேதனம். விரதம் முடியற ஞாயிறு கொடியேத்தம், சித்திரை முதல் செவ்வாய் தேர்.

தேரன்னைக்கு ஊருக்குள்ள நடக்கவே இடமிருக்காது. தேருக்கு முந்தின ரெண்டு மூணு நாளும் அப்படித்தான். எங்க வீட்டுக் குழந்தைகளையே நாங்க அன்னைக்கு வாசலுக்கு விடமாட்டோம். அக்னிச்சட்டி எடுத்துட்டு வர்றவங்க, அலகு குத்தினவங்க, பால்குடம், எல்லாம் ஒரே தெருவுல வரும். பூச்சொரிதல் நடக்கற ஞாயித்துக்கிழமையும் வேண்டாம். சாதாரணமாவே ஞாயிறு, செவ்வாய், வெள்ளி, அமாவாசை கூட்டம் அதிகம். கைக்குழந்தைக்கு ஒரு புதனோ வியாழனோ விடியற்காலை வாங்க. சேலம், நாமக்கல் வழியா வந்தா தொட்டியம், முசிறி, குணசீலம்னு காவிரி வடகரையிலேயே வந்துடலாம், திருச்சி டவுனுக்குள்ள நுழையவே வேண்டாம். ஒண்ணு மட்டும் கவனிங்க. நம்பர் ஒன் டோல்கேட்ங்கறது கொள்ளிடம் பாலத்துக்கிட்ட இருக்கற ஊர். சமயபுரம் டோல்கேட் வேற, அது சென்னை பைபாஸ்ல இருக்கு. நிறைய வண்டி இதுல குழம்பிப் போய் நிக்கும்.

லால்குடி_சரோஜா:
தேன்மொழி, நல்லாரு கண்ணு. பிள்ளைக்கு அம்மன் பேர்ல ஒரு பேர் வச்சிருப்பீங்க.

ரவி சொன்ன 28 நாளுக்குள்ள போறதா இருந்தா, சர்க்கரைப் பொங்கலை இப்போதைக்கு விட்டுடச் சொல்லு உன் மாமியாரை. அம்மன் பட்டினி கிடக்கறப்ப நாம வாசல்ல பொங்கி இறக்கறது எனக்கு மனசு வராது. பொங்கல் சித்திரைக்கு அப்புறம் ஆடியில வச்சுக்கலாம். அதுக்குப் பதிலா துள்ளுமாவு இடிச்சுக் கொண்டுபோங்க. நாலு இளநீர், ஒரு செம்பு பானகம். மாவிளக்குக்குத் தடையே இல்லை, அது பச்சை மாவுதானே.

மாவிளக்குக்கு மாவு கடையில வாங்காதே. பச்சரிசியைக் களைஞ்சு ஒரு மணி நேரம் ஊறவச்சு, துணியில நிழல்ல உலர்த்து. கையில பிடிச்சா ஈரம் தெரியணும், ஒட்டக்கூடாது. அந்தப் பக்குவத்துல இடிச்சுச் சலிச்சுக்கோ. மிக்ஸியில போட்டாலும் குத்தமில்லை, ரெண்டு ரெண்டு பிடியா போடு, மொத்தமாப் போட்டா சூடேறிடும். வெல்லத்தைப் பொடிச்சு ஏலக்காயோட மாவுல போட்டுப் பிசை. தண்ணி ஒரு சொட்டு விடக்கூடாது, வெல்லம் இளகி அதுவே சேர்த்துக்கும். போதலைன்னா நெய் விடு. ரெண்டு உருண்டையா உருட்டி நடுவுல கட்டைவிரலால குழி பண்ணி, நெய் ஊத்தி, பஞ்சுத்திரி போடு. திரி மாவுல படுற இடம் கருகாம இருக்க, குழியை ஆழமா வை. விளக்கு மலையேறின பிறகு மாவைப் பிட்டு அங்கயே நாலு பேருக்குக் கொடுத்துட்டு மிச்சம் வீட்டுக்கு. வயித்துவலி தீரணும்னு வேண்டிக்கிட்டவங்க மல்லாக்கப் படுத்து வயித்துமேல வாழையிலை போட்டு அதுல மாவிளக்கு ஏத்துவாங்க. அப்படி யாராவது படுத்திருந்தா சுத்திப் போ, தாண்டாதே.

இளங்கோ.ச:
மன்னிக்கவும், ஒரு மாறுபட்ட கருத்து. நேர்த்திக்கடனைத் தேருக்கு என்று வேண்டியிருந்தால் தேருக்குத்தானே செலுத்த வேண்டும்? கூட்டம், வெயில் என்று பார்த்து நாள் மாற்றினால் அது சுற்றுலா ஆகிவிடாதா? எங்கள் ஊரில் மழையோ புயலோ, சொன்ன நாளில் செய்வார்கள்.

கண்ணனூர்_ரவி:
இளங்கோ, நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. அதனாலதான் ஒண்ணு கேக்கணும். தங்கச்சி, உங்க மாமியார் வேண்டிக்கிட்டப்ப வாயால சொன்னது என்ன? "உன் தேருக்கு வர்றேன்"னு சொன்னாங்களா, "தொட்டில் போடறேன்"னு மட்டுமா? பெரியவங்களுக்கு அது அப்படியே ஞாபகம் இருக்கும். கேட்டுப் பாருங்க.

தேன்மொழி_ஓசூர்:
கேட்டேன் அண்ணா. "ஆத்தா, எம் மருமக மடியில ஒரு பிள்ளையக் குடு, ஒன் வாசலுக்குக் கரும்புத் தொட்டில்ல தூக்கிட்டு வர்றேன்." இதுதான் சொன்னார்களாம். தேர் என்று சொல்லவில்லை. "தேருன்னா பெருமையா இருக்கும்னு நானா நெனச்சுக்கிட்டேன்" என்றார்கள். இதைச் சொல்லும்போதே அழுதுவிட்டார்கள், நானும்தான். இத்தனை நாள் என் எதிரில் இந்த வார்த்தையை அவர்கள் சொன்னதே இல்லை.

கீரனூர்_செல்வம்:
அப்ப முடிஞ்சுது. வாசலுக்குத்தான் வேண்டுதல். தேரை அத்தையும் உங்க வீட்டுக்காரரும் போய்ப் பார்த்துட்டு வரட்டும், குழந்தைக்கு வேற நாள்.

நான் வருஷா வருஷம் புதுக்கோட்டைப் பக்கத்துலேருந்து பாதயாத்திரை கூட்டிட்டு வர்றவன். சுமார் 70 கி.மீ. நடை. காப்பு கட்டி, மஞ்சள் உடுத்தி, தரையில படுத்துதான் வருவோம். தேன்மொழி நடக்கப் போறதில்லை, ஆனா படிக்கறவங்க யாராவது நடக்கலாம், அவங்களுக்காகச் சொல்றேன். ராத்திரிதான் நடப்போம், பகல் தார் ரோடு காலைப் பொசுக்கிடும். அதனால முதுகுல மின்னற பட்டை கட்டாயம். எதிர்ல வர்ற வண்டி தெரியற மாதிரி ரோட்டுக்கு வலது ஓரம் நடங்க. மஞ்சப்புடவை இருட்டுல லாரிக்காரனுக்குத் தெரியும்னு நம்பாதீங்க. குழுவுக்கு முன்னால ஒருத்தர், கடைசியில ஒருத்தர் டார்ச்சோட. வழியில அன்னதானம் போடறவங்க அன்பா அள்ளி வைப்பாங்க. வேணுங்கறதை மட்டும் வாங்குங்க. ரோட்டோரம் பாதி தின்ன சோத்துத் தட்டு கிடக்கறதைப் பார்த்தா எனக்கு நடந்த புண்ணியமே போன மாதிரி இருக்கும். ஊர்க்காரங்க நமக்காகத் திண்ணையைத் திறந்து விடறாங்க. விடியறப்ப அந்தத் திண்ணையைக் கூட்டிட்டுத்தான் எங்க குழு கிளம்பும்.

மலர்_கிள்ளான்:
மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாட்டி வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில் இருந்தது. கப்பலேறி வந்த சனங்கள் முதலில் கட்டியது அதைத்தான் என்று அம்மா சொல்வார். பாட்டி சமயபுரத்தைப் பார்த்ததில்லை, பெயர் மட்டும் வாயில் இருக்கும். இந்தப் பங்குனியில் கோலாலம்பூரிலிருந்து நேராகத் திருச்சிக்கு வருகிறேன். பூச்சொரிதலுக்குப் பூ கொண்டுபோக ஆசை. கட்டிய மாலையா, உதிரியா? அப்புறம் பெண்களுக்கு ஒரு கேள்வி. பயணத்தில் அந்த மூன்று நாள் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

லால்குடி_சரோஜா:
உதிரிப்பூதான் மலர். கூடையிலயோ தாம்பாளத்துலயோ எடுத்துட்டுப் போகணும். மல்லி, முல்லை, அரளி, சாமந்தி, ரோசா, எது கிடைச்சாலும். ஈரத்துணி போர்த்தி வை, மத்தியானம் வரைக்கும் வாடாது. பிளாஸ்டிக் பையில கட்டினா ஒரு மணி நேரத்துல புழுங்கிடும். நைலான் நூல், ஜிகினா வேண்டவே வேண்டாம். மூலவர் மேனி மூலிகையால ஆன சுதை, அதனால அவளுக்கு அபிஷேகம் கிடையாது. பால்குடத்துப் பால் உற்சவருக்குத்தான். "நான் கொண்டுவந்த பாலை அம்மன் மேல ஊத்தலையே"ன்னு வெளியூர்லேருந்து வர்றவங்க வருத்தப்படுவாங்க, முன்னாலேயே தெரிஞ்சுக்கோ.

மத்த கேள்விக்கு: எங்க வீட்டு வழக்கம், அந்த நாள்ல கோயிலுக்குள்ள போறதில்லை, தலைக்குக் குளிச்ச பிறகு போவோம். வேற வீட்டுல வேற மாதிரி இருக்கலாம், அதுல யாரையும் நான் குறை சொல்லமாட்டேன். உங்க பாட்டி, அம்மா எப்படி இருந்தாங்களோ அதையே பிடிச்சுக்கோ. ரெண்டு நாள் கூடுதலாத் தங்கற மாதிரி டிக்கெட் போட்டுக்கோ. அவகாசம் இருந்தா மனசு பதறாது.

வித்யா_செவிலியர்:
சரோஜா அம்மா சொன்னதோடு ஒன்று: நாளைத் தள்ளிப்போட மாத்திரையை மருந்துக்கடையில் நேராக வாங்கிப் போடாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம்.

தேன்மொழிக்கு முக்கியமாக. பங்குனி, சித்திரை அம்மை போடும் காலம். சின்னம்மைக்கான தடுப்பூசியை ஒரு வயது முடிந்த பிறகுதான் போடுவார்கள், ஆகவே உங்கள் பாப்பாவுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்காது. அம்மை கண்டு தேறியவர்கள் நன்றி செலுத்த வரும் தலம் இது. முழுசாகத் தேறியவர்களால் பயமில்லை. கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை மற்றவர்களுக்குத் தொற்றும், அதுவரை வீட்டில் இருப்பதே மற்ற பிள்ளைகளுக்குச் செய்யும் உபகாரம். உங்கள் வீட்டிலோ கூட வருபவர்களிடமோ யாருக்காவது காய்ச்சலும் கொப்புளமும் இருந்தால் பயணத்தைத் தள்ளி வையுங்கள். கூட்டம் குறைந்த நாள் என்று ரவி சொன்னதை நானும் வலியுறுத்துகிறேன்.

தீர்த்தம் கொடுத்தால் பாப்பா தலையில் தெளியுங்கள், வாயில் விடாதீர்கள். கரும்புச் சாறு, தேன், பானகம் எதையும் நாக்கில் தடவ வேண்டாம், பாட்டி ஆசைப்பட்டாலும். தொட்டிலில் போடுவதற்கு அரை மணி முன்னால் பால் கொடுத்துத் தோளில் போட்டு ஏப்பம் எடுத்துவிடுங்கள். மொட்டை முதலில், தொட்டில் பிறகு என்றால், நடுவில் குளிப்பாட்டித் துவட்டிச் சற்றுத் தூங்கவிடுங்கள். முடி இறக்குபவரிடம் புது பிளேடு போடச் சொல்லுங்கள், அதில் கூச்சமே வேண்டாம்.

தேன்மொழி_ஓசூர்:
வித்யா, மிக்க நன்றி. மொட்டைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்? தொட்டில் எப்படிக் கட்டுவது? சிறப்பு தரிசன டிக்கெட் வாங்கலாமா? போட்டோ எடுக்கலாமா? கேட்டுக்கொண்டே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணனூர்_ரவி:
மொட்டைக்குக் கட்டணம் இல்லை. அறநிலையத்துறை கோயில்கள்ல 2021 செப்டம்பர்லேருந்து இலவசம், முடி இறக்கறவங்களுக்கு அரசு மாசாமாசம் ஊக்கத்தொகை கொடுக்குது. கோயில் முடிக்கொட்டகையிலேயே இறக்குங்க. மனசாரக் கையில ஏதாவது கொடுக்கறது உங்க விருப்பம். அதே மாசம்தான் நாள் முழுக்க அன்னதானமும் இங்க ஆரம்பிச்சாங்க, அதனால மதிய சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம்.

போட்டோ: 2022 டிசம்பர்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களுக்குள்ள செல்போன் கூடாதுன்னு சொல்லிடுச்சு. தொட்டில் கட்டின உடனே வெளிய வாசல்ல ஒண்ணு எடுத்துக்குங்க, அப்புறம் போனை வண்டியிலயே வச்சுட்டு வாங்க. இன்னொண்ணு, இதை நான் கெஞ்சிக் கேக்கறேன். அருள் வந்து ஆடறவங்களையும் ஈரத்துணியோட அங்கப்பிரதட்சணம் பண்றவங்களையும் தெருவுல கூட வீடியோ எடுக்காதீங்க. அந்தப் பொம்பளை என்ன துக்கத்தோட வந்து உருள்றாளோ. அது அவளுக்கும் ஆத்தாளுக்கும் நடுவுல. மறுநாள் அது ரீல்ஸா ஊர் சுத்துது. அவங்க வீட்டுப் பிள்ளைங்க அதைப் பார்க்கும்.

டிக்கெட்: கவுண்டர்ல ரசீதோட வாங்கறதுல தப்பில்லை. கைக்குழந்தையும் முழங்கால் வலியும் இருக்கறவங்களுக்குத்தான் அது. வெளிய நின்னு "சாமி கிட்டக்கயே கூட்டிட்டுப் போறேன்"னு கூப்பிடறவங்க பின்னால போகாதீங்க, கையில தட்டைத் திணிச்சாலும் வாங்காதீங்க.

கீரனூர்_செல்வம்:
ரவி அண்ணன் மேல மரியாதை உண்டு, ஆனா டிக்கெட் விஷயத்துல எனக்கு மனசு ஒப்பாது. 70 கி.மீ. கொப்புளக் காலோட வந்த கிழவி தர்ம வரிசையில நிக்கறப்ப, காரில் வந்து இறங்கினவன் காசு கொடுத்து முன்னால போறான். குழந்தைக்காரிக்கு வழிவிடுங்கன்னு கேட்டா எங்க வரிசையில எவனும் மாட்டேன்னு சொல்லமாட்டான். நூறு தடவை பார்த்திருக்கேன்.

கண்ணனூர்_ரவி:
புதன்கிழமை காலையில அந்தக் கேள்வியே எழாது செல்வம். தர்ம வரிசையே சீக்கிரம் நகரும். திருவிழா நாளைப் பத்தி நீ சொல்றது எனக்கும் உறுத்தறதுதான்.

தொட்டில் கட்டற விதம். ரெண்டு கரும்பு போதும்னு சொல்வாங்க, நான் மூணு சொல்லுவேன். கணுவுலதான் கரும்பு ஒடியும், அதனால ஒரு கரும்போட கணு இன்னொண்ணோட கணுவுக்கு நேரா வராம முன்னப்பின்ன வச்சு நாலு இடத்துல கட்டணும். தோகை அரம் மாதிரி அறுக்கும், நுனியில கொஞ்சம் விட்டுட்டு மிச்சத்தைக் கழிச்சுடுங்க. சேலை பருத்தியா இருக்கட்டும், மஞ்சள் நிறம், ஒரு தடவை துவைச்சது. புதுப் பட்டோ பாலியஸ்டரோ வழுக்கும், முடிச்சு நிக்காது. முன்னால அப்பா, பின்னால அம்மாவோ தாய்மாமனோ. உயரம் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா தொட்டில் சாயாது. தோள்ல துண்டை மடிச்சுப் போட்டுக்குங்க. தொட்டிலுக்குப் பக்கத்துல ஒருத்தர் அடியில கையை வச்சுக்கிட்டே நடக்கணும். உங்க மாமியாரையே நடக்கச் சொல்லுங்க.

முத்துலெட்சுமி:
நடுவில் வருகிறேன், கோபிக்காதீர்கள். எனக்கு ஆபரேஷன் நடந்தபோது எங்கள் அம்மா சமயபுரத்துக்குப் பால்குடம் வேண்டிக்கொண்டார். நான் பிழைத்தேன். அம்மா அதைச் செலுத்துவதற்குள் போய்விட்டார். அவர் கடனை நான் எடுக்கலாமா? கல்யாணமான பெண் எடுக்கக்கூடாது என்று சொந்தத்தில் சொல்கிறார்கள்.

லால்குடி_சரோஜா:
எடு தாயி. யாருக்காக வேண்டினாளோ அவளே வந்து எடுக்கறதைவிட வேற என்ன வேணும்? அம்மா வருஷாப்தீகம் முடிஞ்சுடுச்சான்னு மட்டும் உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுக்கோ, எங்க பக்கம் தலைத்திவசம் முடிஞ்சுதான் நேர்த்திக்கடன் செய்வோம். இந்த ஆத்தாளே பிறந்த வீட்டு உறவை விடாதவ. தைப்பூசத்துக்குக் கொள்ளிடக் கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போவா. அண்ணன் ரெங்கநாதர் ஸ்ரீரங்கத்துலேருந்து அங்க சீர் அனுப்புவார். புடவை, மாலை, மங்கலப் பொருள் எல்லாம் மேளதாளத்தோட வரும். கல்யாணமான பொண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கடமை இல்லைன்னு சொன்னவங்களை ஒரு தடவை அதைப் பார்த்துட்டு வரச் சொல்லு.

முத்துலெட்சுமி:
போன கார்த்திகையிலேயே தலைத்திவசம் முடிந்துவிட்டது. எடுக்கிறேன் அம்மா. மஞ்சள் துணி வாங்கிவிட்டு வந்து எழுதுகிறேன்.

இளங்கோ.ச:
தேன்மொழி, நான் முதலில் கேட்டதற்கு ரவி நல்ல வழி சொன்னார், ஏற்றுக்கொள்கிறேன். ஒரு வேண்டுகோள். ஒரே நாளில் திருவானைக்கா, ஸ்ரீரங்கம், மலைக்கோட்டை, உறையூர் வெக்காளி எல்லாம் சேர்த்து ஓடாதீர்கள். மறுநாள் தங்கினால் ஒன்றே ஒன்று. என் தேர்வு திருவானைக்கா உச்சிகாலம். அர்ச்சகர் புடவை சுற்றிக்கொண்டு அகிலாண்டேஸ்வரியாகவே வந்து சிவனுக்கும் பசுவுக்கும் பூஜை செய்வார். வரலாற்றில் ஆர்வம் இருந்தால் சமயபுரத்திலேயே போஜீஸ்வரர் கோயில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் வீர சோமேஸ்வரன் கண்ணனூரை (சமயபுரத்தின் பழைய பெயர்) தலைநகராக வைத்திருந்தபோது எழுப்பியது. அம்மன் சந்நிதிக் கூட்டத்திலிருந்து சற்றுத் தூரம் வந்தாலே அமைதி. குழந்தைக்குப் பால் கொடுக்க நல்ல நிழல் கிடைக்கும்.

கண்ணனூர்_ரவி:
முதல்ல இனாம்சமயபுரம் ஆதி மாரியம்மனைப் பார்த்துட்டு இங்க வர்றதுதான் எங்க ஊர் வழக்கம். ஸ்ரீரங்கத்துலேருந்து வந்த அம்மன் முதல்ல அங்கதான் தங்கினான்னு சொல்வாங்க. கிட்டத்துலதான், வண்டியை அப்படியே விட்டுட்டு வரலாம்.

தேன்மொழி_ஓசூர்:
வீட்டில் பேசி முடித்துவிட்டோம். பங்குனி இரண்டாவது புதன். செவ்வாய் மாலையே வந்து தங்கி, விடியலில் ஆதி மாரியம்மன், பிறகு முடி, குளியல், தொட்டில், மாவிளக்கு. பொங்கல் ஆடிக்கு. தேருக்கு அத்தையும் அவரும் மட்டும். பின்னால் தோள் கொடுக்க என் தம்பி சேலத்தில் ஏறிக்கொள்கிறான், இவரும் அவனும் ஒரே உயரம்தான். அத்தை தன் பழைய சின்னாளப்பட்டிச் சேலையை எடுத்து மஞ்சளில் நனைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள். கரும்பை மட்டும் ஓசூரிலிருந்தே கொண்டுவர வேண்டுமா?

கண்ணனூர்_ரவி:
வேண்டாம் தங்கச்சி, கார் மேல கட்டிட்டு வந்தா வெயில்ல வாடிடும். கோயிலைச் சுத்திக் கடையில கிடைக்கும். செவ்வாய் சாயங்காலமே நேரான கரும்பா மூணு எடுத்து, தோகை கழிச்சுத் தனியா வைக்கச் சொல்லிடறேன். அடிக்கரும்பு நல்ல கனமா இருக்கும், அந்தப் பக்கத்தை உங்க வீட்டுக்காரர் பிடிக்கட்டும்.